அவர் பெயரில் ஓர் எண்

எங்கள் கடைக்கு எண் வந்தபோது எனக்குப் பெண் பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் முன்னறையில் பாயில் கிடந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பழுப்பு உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். விற்பனை வரி அலுவலகம் கொடுத்த பதிவுச் சான்று அது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன்.

"உரக்கப் படிம்மே, பாப்பாவும் கேக்கட்டும்" என்றார்.

மேலே இருந்த எண்ணை வாசித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த அவர் பெயரை வாசித்தேன். அவர் அதை வாங்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்தார். அவர் வம்சத்தில் பட்டா, பத்திரம் என்று எதிலும் யார் பெயரும் இருந்ததில்லை. அரசாங்கம் முத்திரை குத்தி அவர் பெயரைப் போட்டுக் கொடுத்த முதல் காகிதம் அது.

அதில் என் பெயர் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் பெயரில் போடச் சொன்னதே நான்தான்.

கடை என்று சொல்கிறேனே தவிர, படிக்கட்டும் பலகையும் வைத்த கடை அல்ல. அதே முன்னறையில் ஒரு தையல் மெஷின், சுவரோரம் காடாத் துணிக் கட்டு, அவ்வளவுதான். நாங்கள் தைத்தது மண் பை. பழுப்பு நிலக்கரி எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க, முந்திரித் தோப்புக்குள்ளெல்லாம் துளை போட்டுக்கொண்டிருந்த காலம். துளையிலிருந்து வருகிற மண்ணை ஆழத்துக்கு ஆழம் தனித்தனிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அட்டை எழுதித் தொங்கவிட்டுச் சோதனைக்கு அனுப்புவார்கள். என் கணவர் அந்தத் துளை போடும் கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. அவர் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தே வாழ்ந்த குடும்பம். அவர்கள் ஊரே சுரங்கத்துக்குள் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு வந்தது. இவர்களுக்குக் குடிசைக்கு என்று ஏதோ கொடுத்தார்கள்; அது புதுக் குடிசைக்குக் கீற்று வாங்கவே சரியாய்ப் போயிற்று.

ஒரு நாள் வேலை விட்டு வரும்போது கிழிந்த பை ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"வெளியூர்லேர்ந்து வர்ற பை இது. நாடாவ இழுத்தா வாயே பிஞ்சிகினு வருது. மண்ணு ஒண்ணோட ஒண்ணு கலந்து போவுதுன்னு என்ஜினீயர் கத்திகினு இருக்காரு. நீ தச்சிப் பாக்கறியா?"

நான் சேத்தியாத்தோப்பில் பிறந்து, அங்கேயே தையல் பள்ளியில் இரண்டு வருஷம் கற்றவள். பையை விரித்துப் பார்த்தேன். நாடா ஓடும் இடத்தில் துணியை ஒற்றையாக விட்டிருந்தார்கள். நான் வாயை இரட்டையாக மடித்து, அடி மூலை இரண்டிலும் குறுக்கே ஒரு தையல் ஓட்டி, பக்கத்து வீட்டு மெஷினில் ஆறு பை தைத்துக் கொடுத்தேன். ஈர மண்ணைத் திணித்துத் தூக்கி உதறினார்களாம். பிரியவில்லை. அடுத்த வாரமே நூறு பை கேட்டு ஆள் வந்தது.

என் தோட்டை விற்று ஒரு மெஷினுக்கு முன்பணம் கட்டினோம். மீதி தவணை. தவணைக் காகிதத்தோடு ஏஜெண்டு வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். கணவர் கையெழுத்துப் போட்டார். வெட்டுகிற வேலைக்கும் நாடா கோக்கிற வேலைக்கும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். புருஷனை இழந்தவர். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். கத்தரியை எடுத்தால் துணியில் கோடு போடாமலே நேராக வெட்டுவார். நான் தைக்க, அவர் வெட்ட, முன்னறை பகலெல்லாம் காடாத் துணியின் கஞ்சி வாசனையோடு இருக்கும். அந்த இரண்டு மூன்று வருஷம்தான் என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் என்று இப்போது தெரிகிறது. அப்போது முதுகுவலி மட்டும்தான் தெரிந்தது.

பை நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பரவி, கான்ட்ராக்டர் வழியாக இல்லாமல் சுரங்க நிறுவனத்தின் ஸ்டோர்ஸே நேரடியாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஆனால் ஸ்டோர்ஸுக்குக் கொட்டேஷன் போட வேண்டுமானால் பில்லில் விற்பனை வரிப் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத பில்லை அங்கே தொடக்கூட மாட்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். எட்டு மாச வயிற்றோடு நானும் கணவரும் அவரிடம் போனோம்.

"தொழில் யாருதும்மா?" என்று கேட்டார்.

"நான்தாங்க தைக்கறேன். இவரு வேலைக்குப் போறாரு."

"அத்த கேக்கல. பதிவு யார் பேர்ல வாங்கணும்? கடலூருக்குப் போவணும். ஒரு வாட்டியோட முடியாது, கூப்புடறப்பல்லாம் போவணும். இந்த நெலமையில நீங்க பஸ் ஏறி எறங்குவீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். "நீதானம்மே தைக்கற. கொழந்தை பொறந்த அப்பறம் ஒம் பேர்ல வாங்கிக்கலாமே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நான்தான், "யார் பேர்ல இருந்தா இன்னாங்க? ஸ்டோர்ஸ்காரங்க காத்துகினு இருப்பாங்களா? இவரு பேர்லயே எழுதிடுங்க" என்றேன். மனு எழுதுகிறவர் பேனாவை உதறிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

எண் வந்ததும் எல்லாம் அவர் பெயருக்குப் போய்விட்டது. பில் அவர் பெயரில். ஸ்டோர்ஸ் கொடுக்கிற செக் அவர் பெயரில். செக்கைப் போட டவுன்ஷிப்பில் ஒரு வங்கியில் அவர் பெயரில் கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத்தான் துணி வாங்கினோம், அரிசி வாங்கினோம், குழந்தைக்குச் சளி முற்றியபோது டாக்டரிடம் போனோம், அவர் தம்பிக்குக் கல்யாணம் செய்தோம். சில மாசம் அவர் கூலிக் காசில் நூல் வாங்கினோம். சில மாசம் பைக் காசில் வாடகை கொடுத்தோம். ஒரு தடவை வங்கியில் இருந்த குமாஸ்தா, "கடைக்குன்னு தனியா ஒரு கணக்கு வச்சுக்குங்களேன், பின்னாடி உதவும்" என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். "கடையே நம்ம வூட்டு முன்னறையில இருக்குது. கடைக்குத் தனியா எங்கேர்ந்து கணக்கு?" நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் அவருக்குப் பர்மனெண்ட் வேலை வந்தது.

நெய்வேலியில் அந்த நாளில் பர்மனெண்ட் என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கான்ட்ராக்ட் கூலியாக ஐந்து வருஷம் வெயிலில் நின்றவர், சுரங்கத்தில் ஹெல்பராக எடுத்துக்கொள்ளப்பட்டார். முதல் ஒரு வருஷம் ப்ரொபேஷன். சில மாசத்திலேயே ஒரு பிளாக்கின் கோடியில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு குழாய். நான் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் கதவை ஒரு தடவை பூட்டித் திறந்தார், மறுபடியும் பூட்டித் திறந்தார். "பூட்டுன்னு ஒண்ணு வச்ச வூட்டுல எங்கப்பாரு இருந்ததே இல்ல" என்றார்.

மெஷினைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோகவில்லை. மந்தாரக்குப்பத்து முன்னறையை மட்டும் குறைந்த வாடகைக்குப் பேசி வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தினம் அங்கே நடந்துபோய்த் தைத்தேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்தால் பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் அதே பாஸ்புக்கில் போட்டார். ஒரே பக்கத்தில் சம்பளம் ஒரு வரி, பைக் காசு ஒரு வரி என்று இருக்கும்.

எங்களுக்கு எந்த விதியும் தெரியாது. அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த அம்மாள்தான் ஒரு நாள் சொன்னார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் எங்கே தினம் போய் வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அய்யய்யோ, உங்க வீட்டுக்காரர் பேர்லயா? எங்க வீட்ல ஒரு எருமை வச்சுப் பால் ஊத்தறதுக்கே எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கினோமே. சேரும்போதே வேற தொழில், வியாபாரம் கிடையாதுன்னு கையெழுத்து வாங்குவாங்களே, அவர் பாக்கலயா?"

அன்று அவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே நின்றுவிட்டார்.

"ஒரு கட்டு காயிதம் குடுத்தாங்க. எல்லாம் இங்கிலீஷு. எங்கெங்க கோடு போட்டிருந்துதோ அங்கெல்லாம் போட்டேன். எல்லாரும் அப்படித்தான போட்டாங்க."

"இப்ப இன்னா பண்றது?"

"நாளைக்கே லீவு போட்டு கடலூருக்குப் போறேன். நம்பர ரத்து பண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன். வேலையைவிட பையா பெருசு?"

அவரை அன்று நான் போக விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அப்போதுதான் கையில் இருந்தது. பண்ருட்டித் துணிக்கடையில் கடனுக்கு ஒரு வண்டித் துணி எடுத்து வந்தாயிற்று. பாதி தைத்தாயிற்று. "இந்த ஆர்டர் முடியட்டுங்க. ஒரு மாசம். அதுக்குள்ள நானே போயி நம்பர எம் பேருக்கு மாத்திகினு வந்துடறேன்" என்றேன். பையெல்லாம் என் கையால் தைத்தவை. அந்தத் தொழில் என்னுடையது. அதை ஒரு கையெழுத்தில் இல்லாமல் பண்ணிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "உன் இஷ்டம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தையோடு கடலூர் போனேன். அங்கே இருந்த அதிகாரி வயதானவர், பொறுமையாகப் பேசினார். நான் சான்றை அவர் மேஜைமேல் வைத்து, இதை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"இது பஸ் டிக்கெட் இல்லம்மா, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் வாங்கிக்கறதுக்கு. தனி ஆள் வியாபாரத்துல நம்பர்னா அந்த ஆள்தான். அவர் பேர்ல இருக்கறத ரத்து பண்ணணும். அதுக்கு முன்னாடி அவர் கணக்கு முடியணும். நீங்க செய்யறதா இருந்தா புதுசா ஒரு மனுப் போடணும்."

"ரெண்டும் ஒரே தொழில்தானுங்களே. அதே மெஷினு, அதே பை."

"இருக்கலாம். முதல் உங்களுதுன்னு காட்ட என்ன வச்சிருக்கீங்க?"

"தோடு வித்தனுங்க."

"வித்த ரசீது?"

ஆசாரி எப்போது ரசீது கொடுத்தார்? இல்லை என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, எங்கெங்கே எழுத வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் பெயரை உரிமையாளர் என்ற இடத்தில் எழுதிவிட்டு, சந்தோஷத்தில் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். சில வாரம் ஆகும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. நான் மந்தாரக்குப்பத்திலிருந்து திரும்பியபோது குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகாமல் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியவில்லை. என்னிடம் ஒரு மெமோவை நீட்டினார். வேலையில் சேரும்போது பொய்யான உறுதிமொழி கொடுத்ததாகவும், அனுமதியில்லாமல் வியாபாரம் செய்துவருவதாகவும், விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த எண்.

"எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். நம்ம பில்லு ஒண்ணையே எடுத்து அதோட வச்சி அனுப்பியிருக்கான்" என்றார்.

எழுதியது யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் என்னைக் கெடுத்தது. எருமை வைத்திருந்த அம்மாளைச் சந்தேகப்பட்டேன். மனு எழுதுகிறவரைச் சந்தேகப்பட்டேன். முன்னறையில் பில் புத்தகம் இருக்கும் இடம் தெரிந்த ஆள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் முத்தாண்டிக்குப்பத்து அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"யக்கா, பில்லு புக்கு ஒருநாள் ஒங்க பையோட போச்சே, அத்த யாராச்சும் பாத்தாங்களா?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "நான் படிக்காதவ. அதுல இன்னா இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. எங்கிட்ட இத்த கேக்க உனக்கு எப்படி வாய் வந்துது?" என்றார். வெட்டி வைத்த துணியை ஒழுங்காக அடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரக் கூலியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நான் பிறகு முத்தாண்டிக்குப்பத்துக்குப் போய் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். கதவைத் திறக்கவில்லை. கதவிடுக்கில் காசை வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் என் கணவர் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். சாயங்காலம் வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்.

"முடிச்சிட்டேன். கடலூர்ல எழுதிக் குடுத்துட்டேன். இனிமே எம் பேர்ல நம்பரு கெடையாது. நாளைக்கு கேட்டாங்கன்னா இந்தக் காயிதத்த காட்டிடலாம்."

அவர் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு இருந்தது. என்னிடம் கேட்காமல் போனாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு தட்டில் சோற்றைப் போட்டேன். முன்னறையில் தைத்து முடித்த பைகள் அடுக்கிக் கிடந்தன. எண் ரத்தானால் அவற்றுக்குப் பில் போட முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

விசாரணை நடந்த அறையில் பெரிய மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்க ஒருவர். நான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று கணவர் எழுதிக் கொடுத்திருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி கடுமையானவர் அல்ல. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசினேன். தொழில் என்னுடையது, என் தோட்டை விற்று மெஷின் வாங்கினேன், தைக்கிறவள் நான், கர்ப்பமாக இருந்ததால் அவர் பெயரைப் போட்டோம், அவருக்கும் பைக்கும் சம்பந்தமில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இத்த பாருங்கய்யா. இந்த மடிப்பு நான் போட்டது. இந்த ஜில்லாவுல வேற யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க."

அவர் பையை எடுத்து, வாயை இழுத்துப் பார்த்து, திருப்பி வைத்தார். ஒரு கோப்பை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. நான் பொய்யின்னு சொல்லல. ஆனா இதுல எங்கயாவது உங்க பேர் இருக்கா, காட்டுங்க."

நான் கோப்பைப் புரட்டினேன். பதிவுச் சான்று. கொட்டேஷன். பில்கள். வங்கிக் கணக்கின் நகல். மெஷின் தவணைக் காகிதம்கூட எப்படியோ அதில் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் அவர் பெயர், அவர் கையெழுத்து. கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

"வேலைக்குச் சேர்ந்ததுக்கு அப்புறமும் பில்லுல அவர்தானே கையெழுத்துப் போட்டிருக்கார்?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நம்பரு அவரு பேர்ல இருந்ததால."

"செக் பணத்துல வீட்டுச் செலவு நடந்துதா?"

"நடந்துதுங்க."

"அவர் சம்பளத்துல துணி வாங்கினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சில மாசம் வாங்கனோமுங்க" என்றேன். டைப் அடிக்கிறவர் அதை அடித்தார்.

அப்போது என் கணவர் எழுந்து, கடலூரில் வாங்கிய காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். "அய்யா, நம்பரையே ரத்து பண்ணிட்டனுங்க. இப்ப ஒண்ணும் கெடையாதுங்க."

அதிகாரி வாசித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது. "நேத்து தேதி போட்டிருக்கு. நேத்து வரைக்கும் வியாபாரம் உங்களுதாதான் இருந்துதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றார். அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

ப்ரொபேஷனில் இருக்கிறவரை நீக்க நீண்ட நடவடிக்கை எதுவும் தேவையில்லை. பத்து நாளில் உத்தரவு வந்தது. அதற்கடுத்த மாசம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் ஒரு கீற்றுக் குடிசைக்குப் போனோம். சாமான் ஒரு மாட்டு வண்டிக்குக்கூட நிறையவில்லை. எருமைக்கார அம்மாள் குழந்தை கையில் ஒரு டம்ளர் பால் கொடுத்தார். நான் அவரைச் சந்தேகப்பட்டவள், தலை நிமிராமல் டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

வேலை போனபின் பையையாவது காப்பாற்றலாம் என்று ஸ்டோர்ஸுக்குப் போனேன். ரத்தான எண்ணில் பில் வாங்க முடியாது என்றார்கள். என் பெயரில் எண் வரும்வரை காத்திருங்கள் என்று கெஞ்சினேன். காத்திருக்க அவர்களுக்கு என்ன அவசியம்? ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி நம்பர் போச்சே என்று அழுதேன். பண்ருட்டித் துணிக்கடைக்காரர் வந்து மிச்சத் துணியையும் மெஷினையும் எடுத்துக்கொண்டார். தவணை பாக்கியை அவரே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். தைத்த பைகளை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. முன்னறையிலேயே விட்டுவிட்டுப் போனார். மழைக்காலத்தில் அவை பூசணம் பிடித்தன.

என் கணவர் மறுபடி கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனார். அதே சுரங்கம்தான். கூட வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் மாறும்போது எதிரே வருவார்கள். முதலில் நின்று பேசினார்கள். பிறகு கையை மட்டும் ஆட்டினார்கள். பிறகு, அவர்கள் வருகிற நேரம் பார்த்து இவரே வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். வீட்டில் என்னைத் திட்டவில்லை. ஒரு சொல் கடிந்து பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். குழந்தை முதுகில் ஏறி விளையாடினால் கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொள்வார், திரும்ப மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னால் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எம்மேல கோவம் இருந்தா திட்டிடுங்க. நான்தான ஒரு மாசம் இருங்கன்னு சொன்னேன். நான்தான உங்க பேர்ல போடச் சொன்னேன்."

சுவர்ப்பக்கம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"நம்பரு போச்சின்னு நீ அழுதல்ல, அன்னிக்கித்தாம்மே எனக்குத் தெரிஞ்சிது, அது ஒன்னுதுன்னு. அதுவரைக்கும் நானும் என்னுதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். என்னுதா இருந்தாதான ஒன்ன திட்டலாம்."

அதைக் கேட்ட பிறகு நான் அழுவதை விட்டுவிட்டேன். அழுவதற்கும் அதில் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மந்தாரக்குப்பத்திலேயே ஒருவர் ஸ்டோர்ஸுக்குப் பை சப்ளை செய்ய ஆரம்பித்திருந்தார். நான்கு மெஷின் போட்டிருந்தார். அவரிடம் பை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே, "உங்க பை வாய் பிரியாதுன்னு சொன்னாங்க, அந்த மடிப்ப இவங்களுக்கும் காட்டிக் குடுங்க" என்றார். மூன்று பெண்களுக்கும் காட்டிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் பெயரும் எண்ணும் இருந்த சான்றை மாட்டியிருந்தார். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்கிற மெஷினாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாசங்கள் கழித்துக் கடலூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பென்சில் புள்ளிகளின்மேல் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதில். முதலுக்கான அத்தாட்சியோடும் வாடகைச் சீட்டோடும் பதினைந்து நாளுக்குள் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. மேலே என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. கணவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "போறியா?" என்று கேட்டார்.

எந்த முதலை வைத்துப் போவது? மெஷின் இல்லை, துணி இல்லை, முன்னறைக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. போகவில்லை. பதினைந்து நாள் கழிந்தது. பதினாறாம் நாள் காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. அவர் உடம்பு சரியில்லை என்று எழுந்திருக்கவில்லை. நான் குழந்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தைக்கப் போனேன்.